முனைவர் பட்டம் இருக்கும்போது கற்பிக்கவும் ஒரு சான்றிதழா?

கேள்வி:

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஏழு ஆண்டுகள் சிவில் துறையில் பாடம் எடுத்தேன். பிறகு இங்கிலாந்து வந்து முனைவர் பட்டம் முடித்து, சென்ற செப்டம்பரில் இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறேன். மூன்றாண்டுத் தகுதிகாண் பருவத்துக்குள் உயர்கல்வி கற்பித்தலில் முதுநிலைச் சான்றிதழ் பெற வேண்டும் என்று பணி ஒப்பந்தம் சொல்கிறது. பாதி இணையவழி, பாதி நேரடி வகுப்பு. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குப் பாடம் நடத்திய எனக்கு இது எதற்கு என்று மனம் கேட்கிறது. நான்கு வயது மகன் இருக்கிறான். கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் வேறு ஊரில் வேலை. அனுபவத்தைக் காட்டி நேரடியாக ‘ஃபெல்லோ’ என்ற கற்பித்தல் அங்கீகாரம் பெறும் வழி இருப்பதாகச் சொல்கிறார்கள். அதில் போகலாமா? வேறொருவர் வந்து என் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பாராம். என் ஆங்கில உச்சரிப்பை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தன் கற்பித்தலைத் தானே ஆராய்ந்து எழுதும் ‘ரிஃப்ளெக்டிவ்’ கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். சமன்பாடு எழுதிப் பழகிய கைக்கு அது வரவில்லை. நாளை ஊருக்குத் திரும்பினால் இந்தச் சான்றிதழ் செல்லுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். படியுங்கள். நேரடி வழி ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இப்படியொரு சான்றிதழ்ப் படிப்பை நடத்தும் குழுவில்தான் நான் பணியாற்றுகிறேன். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல ஆண்டுகள் கற்பித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் முதல் கேள்வியோடுதான் வருகிறார்கள். அதில் இருக்கும் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. அனுபவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடியும் மாணவராக உட்காரச் சொல்கிறார்களே என்றுதான் தோன்றும். ஆனால் உங்கள் அனுபவத்தை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. விரிவுரையாளர் என்ற பதவிப் பெயர் இரு நாட்டிலும் ஒன்றுதான், வேலை ஒன்றல்ல.

திருநெல்வேலியில் பாடத்திட்டத்தை அண்ணா பல்கலைக்கழகம் வகுத்துக் கொடுத்தது. ஐந்து யூனிட், குறிப்பிட்ட பாடநூல்கள், செமஸ்டர் இறுதியில் எங்கிருந்தோ வரும் வினாத்தாள். விடைத்தாளைத் திருத்தியவருக்கு உங்கள் மாணவர்களைத் தெரியாது. ஐந்து யூனிட்டையும் முடித்து, பின்தங்கியவர்களையும் கைதூக்கிவிட்டுத் தேர்ச்சி பெறச் செய்வதே உங்கள் பொறுப்பு. அதை ஏழு ஆண்டுகள் செய்தது பெரிய உழைப்பு. ஆனால் எதைக் கற்பிப்பது, எதை விடுவது, கற்றார்களா என்பதை எப்படிச் சோதிப்பது ஆகிய மூன்று முடிவுகளும் உங்கள் கையில் இருந்ததில்லை.

இங்கே ஒரு மாட்யூலுக்கு, அதாவது பட்டப்படிப்பில் ஒரு தனிப் பாடத்துக்கு, நீங்கள் பொறுப்பாளர் என்றால் அந்த மூன்றும் உங்களுடையவை. கற்றல் விளைவுகளை எழுதுவது, வாராந்திரத் திட்டம் போடுவது, ஒப்படைப்புப் பணியைத் தீர்மானிப்பது, வினாத்தாள் தயாரிப்பது, மதிப்பெண் வரையறையை எழுத்தில் தருவது, திருத்துவது, ஒவ்வொரு மாணவருக்கும் பின்னூட்டம் எழுதுவது எல்லாம் உங்கள் வேலை. உங்கள் மதிப்பெண்களைச் சக ஆசிரியர் ஒருவர் சரிபார்ப்பார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் புறத் தேர்வாளர் அதற்கு மேல் பார்ப்பார். இளநிலைப் பாடங்களில் 40 வாங்கினால் தேர்ச்சி. 70 வாங்கினால் முதல் வகுப்பு. நம் ஊரில் 95 போட்டுப் பழகியவர்கள் இங்கே ஒரு நல்ல விடைக்கு 72 போட்டுவிட்டு, அது ஏன் 65 இல்லை, ஏன் 80 இல்லை என்பதை மாணவருக்கு நாலு வரியில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கும்போது திணறுகிறார்கள். அந்த நாலு வரியை எழுதக் கற்பதற்கு மட்டுமே இந்தப் படிப்பில் சேரலாம் என்பேன்.

பிரிட்டனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இதே விதிதான். வெளிநாட்டவர் என்பதால் உங்கள் மேல் சுமத்தியது அல்ல. ஒரு காலத்தில் இங்கும் முனைவர் பட்டம் இருந்தாலே போதும், வகுப்பில் நுழைந்துவிடலாம். 1997இல் ரான் டியரிங் தலைமையிலான குழு அரசுக்குத் தந்த அறிக்கை, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் கற்பித்தலில் தொழில்முறைப் பயிற்சியும் அங்கீகாரமும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டாகத் தொடங்கிய கல்விக் கட்டணம், 2012இல் இங்கிலாந்தில் 9,000 பவுண்டு வரை போனது. அவ்வளவு பணம் கட்டும் மாணவர், பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்கத்தான் செய்வார். 2005இலிருந்து இறுதியாண்டு மாணவர்களின் கருத்தை நாடு முழுவதும் திரட்டி வெளியிடுகிறார்கள். பல்கலைக்கழகங்கள் உங்களைப் போன்றவர்களின் ஒப்பந்தத்தில் அந்த வரியைச் சேர்த்ததற்கு இவையெல்லாம் காரணம்.

இப்படிப்புகளுக்கு அடிப்படையாக இருப்பது, 2006இல் வகுக்கப்பட்டு 2011இலும் 2023இலும் திருத்தப்பட்ட தொழில்முறைத் தரச் சட்டகம். அதை இப்போது பராமரிப்பது ‘அட்வான்ஸ் ஹெச்.இ.’ என்ற அமைப்பு. செயல்பாடுகள் ஐந்து, அறிவு ஐந்து, விழுமியங்கள் ஐந்து என்று பதினைந்து கூறுகள் அதில் உண்டு. திட்டமிடுவது, கற்பிப்பது, மதிப்பிட்டுப் பின்னூட்டம் தருவது, மாணவருக்கு வழிகாட்டுவது, தன்னை வளர்த்துக்கொள்வது ஆகிய ஐந்தும் செயல்பாடுகள். ஃபெல்லோ நிலைக்குப் பதினைந்து கூறுகளுக்கும் உங்கள் பணியிலிருந்து சான்று காட்ட வேண்டும். அதற்குக் கீழே இணை ஃபெல்லோ, மேலே முதுநிலை ஃபெல்லோ, முதன்மை ஃபெல்லோ என்று நிலைகள் இருக்கின்றன. புதிய விரிவுரையாளருக்கு உரிய இலக்கு ஃபெல்லோ.

இப்போது நேரடி வழிக்கு வருகிறேன். சான்றிதழும் ஃபெல்லோ தகுதியும் ஒன்றோடொன்று சேர்ந்து வருவதால் பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். சான்றிதழ் என்பது 60 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) கொண்ட முதுநிலைப் படிப்பு. நாளை நீங்கள் விரும்பினால் கல்வியியல் முதுகலைக்கான 180 கிரெடிட்டில் அது ஒரு பகுதியாகக் கூடும். ஃபெல்லோ என்பது தொழில்முறை அங்கீகாரம்; கிரெடிட் எதுவும் இல்லை. அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்ப் படிப்பை முடித்தால் இரண்டும் கிடைக்கும். நேரடி வழியில் உங்கள் பணியைப் பற்றிய எழுத்துமூல விளக்கத்தையும் உங்கள் கற்பித்தலை அறிந்தவர்களின் பரிந்துரைகளையும் கொடுத்தால் ஃபெல்லோ மட்டும் கிடைக்கும்.

இந்த முறைக்குள்ளேயே பல ஆண்டுகள் வேலை பார்த்து, காட்டுவதற்குச் சான்றுகளைக் கையில் வைத்திருப்பவருக்கு நேரடி வழி மிகப் பொருத்தம். உங்களுக்குச் சிக்கல் எங்கே வரும் என்றால், பாடத்தை வடிவமைத்ததற்கும் மதிப்பீட்டை உருவாக்கியதற்கும் அண்மைக் காலச் சான்று கேட்பார்கள். திருநெல்வேலி அனுபவம் கற்பித்தல் பகுதியை நன்றாக நிரப்பும். அந்த இரண்டு இடத்திலும் மெலிந்து நிற்கும். இரண்டு ஆண்டு கழித்து எழுதினால் சான்று சேர்ந்திருக்கும், ஆனால் அந்த இரண்டு ஆண்டும் துணையில்லாமல் தட்டுத் தடுமாறிக் கழிந்திருக்கும். இன்னொன்று, உங்கள் ஒப்பந்தத்தில் ‘சான்றிதழ்’ என்று இருக்கிறதா, ‘சான்றிதழ் அல்லது ஃபெல்லோ’ என்று இருக்கிறதா என்பதைப் படித்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இது மாறும். யாராவது வாய்வார்த்தையாக ‘ஃபெல்லோ போதும்’ என்று சொன்னால் அதை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தகுதிகாண் பருவம் முடியும்போது உங்கள் கோப்பைப் பார்ப்பவர் வேறொருவராக இருப்பார்.

நேரம்தான் உங்கள் உண்மையான கவலை என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. 60 கிரெடிட் என்றால் கணக்குப்படி 600 மணி நேரம். இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்த 600 மணிக்குள் வகுப்புக்குப் போவது, படிப்பது, எழுதுவது எல்லாம் அடங்கும். உங்கள் சொந்த வகுப்புக்குத் தயாரிக்கும் நேரத்தின் ஒரு பகுதியும் நியாயமாகவே அதற்குள் வந்துவிடும். அப்படி வரச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது. இந்தப் படிப்பில் திண்டாடுகிறவர்களையும் தேறுகிறவர்களையும் பிரிக்கும் கோடு அதுதான் என்று நினைக்கிறேன்.

திண்டாடுகிறவர் ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் ஒரு புதிய தலைப்பைத் தேடுவார். முதல் கட்டுரை ஆய்வகப் பயிற்சி பற்றி, இரண்டாவது முதுகலை மாணவர்களின் கருத்தரங்கு பற்றி, மூன்றாவது இணையவழிக் கற்றல் பற்றி. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிப்பு, தனி உழைப்பு. இரவு பதினோரு மணிக்கு, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, தனக்குத் தொடர்பே இல்லாத ஒரு கட்டுரையை வாசித்துக்கொண்டிருப்பார். தேறுகிறவர் முதல் வாரத்திலேயே தன் மாட்யூல் ஒன்றைத் தேர்ந்துகொள்வார். ஆண்டு முழுவதும் அதை விட்டு நகர மாட்டார்.

நீங்கள் இரண்டாமாண்டு மாணவர்களுக்குக் கட்டமைப்புப் பகுப்பாய்வு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வகுப்பறைக் கற்பித்தல் பற்றிய ஒப்படைப்பா? அந்த மாட்யூலின் ஒரு வகுப்பு. மதிப்பீடு பற்றியதா? அதே மாட்யூலின் ஒப்படைப்புப் பணியைத் திருத்தி அமையுங்கள். பாட வடிவமைப்பா? அதே மாட்யூலை அடுத்த ஆண்டுக்கு மாற்றி எழுதுங்கள். சிறு ஆய்வு செய்யச் சொல்கிறார்களா? அந்த மாற்றம் பலன் தந்ததா என்று பாருங்கள். அடுத்த செப்டம்பரில் உங்கள் கையில் மெருகேறிய ஒரு பாடமும் இருக்கும், பாதிச் சான்றிதழும் இருக்கும். எப்படியும் நீங்கள் செய்தாக வேண்டிய வேலையையே படிப்பின் பேரில் செய்திருப்பீர்கள்.

வடிவமைப்பு ஒப்படைப்புக்குப் போகும்போது ஜான் பிக்ஸ் என்ற ஆஸ்திரேலியக் கல்வியியலாளரின் கருத்து கண்டிப்பாக வரும். மேலோட்டமாகக் கடந்துபோகாமல் உங்கள் மாட்யூலில் வைத்துப் பாருங்கள். மாணவர் எதைச் செய்ய வல்லவராக வேண்டும் என்று சொல்கிறோமோ, வகுப்பில் அதையே செய்துபார்க்க வேண்டும், தேர்விலும் அதையே சோதிக்க வேண்டும் என்கிறார். கேட்கும்போது இதில் என்ன புதுமை என்று தோன்றும். உங்கள் மாட்யூல் கையேட்டைத் திறந்தால் ‘ஒரு கட்டமைப்பின் பாதுகாப்பைப் பகுத்தாராய்ந்து முடிவு சொல்வார்’ என்று எழுதியிருக்கும். வகுப்பில் நீங்கள் பலகையில் சூத்திரத்தைத் தருவித்துக் காட்டுவீர்கள், மாணவர் எழுதிக்கொள்வார். தேர்வில் அதே வகைக் கணக்கு எண் மாறி வரும். முடிவு சொல்லும் வேலையை மாணவர் எந்த இடத்திலும் செய்யவே இல்லை. இந்த இடைவெளியைக் கண்டுபிடித்து அடைப்பதே ஒரு முழு ஒப்படைப்புக்குப் போதுமான விஷயம்.

கலப்புமுறை பற்றி ஒரு எச்சரிக்கை. இணையவழிப் பகுதி எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்பது அதன் வசதி, அதுவே ஆபத்தும்கூட. நேரடி வகுப்பு நாளில் நீங்கள் வராவிட்டால் கவனிக்க ஆள் இருக்கிறது. இணையத்தில் இந்த வாரப் பகுதியைச் செய்யாவிட்டால், பாடங்கள் இருக்கும் மூடில் என்ற இணையத்தளம் ஒன்றும் சொல்லாது. மூன்று வாரம் சேர்ந்துவிட்டால் அப்புறம் திறக்கவே மனம் வராது. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட பொழுதை, கணவர் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, உங்கள் நாட்காட்டியில் வகுப்பு என்றே குறித்து வையுங்கள். அந்த நேரத்தில் வேறு கூட்டம் கேட்டால் ‘வகுப்பு இருக்கிறது’ என்று சொல்லுங்கள், அது பொய்யல்ல. பொது மன்றத்தில் நாலு வரி எழுதச் சொல்வார்கள். அதை அலட்சியம் செய்யாதீர்கள். பின்னால் கட்டுரை எழுதும்போது உங்களுக்குத் தேவைப்படும் மூலக் குறிப்புகள் அவைதான்.

நேரடி நாட்களை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். இந்தப் படிப்பின் பயனில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. செவிலியர் பயிற்சி தருபவர், சட்டம் எடுப்பவர், நடனம் கற்பிப்பவர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். பத்து நிமிடப் பாடம் ஒன்றை அவர்கள் முன் நடத்தச் சொல்வார்கள். உங்கள் துறை தெரியாத ஐந்து பேருக்கு ஒரு கருத்தைப் புரியவைக்க முயலும்போதுதான், நாம் ‘எல்லாருக்கும் தெரிந்தது’ என்று தாண்டிப்போகும் படிகள் எத்தனை என்பது கண்ணில் படும்.

உங்கள் துறைத் தலைவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுப் பணிச்சுமைக் கணக்கு உண்டு. இந்தப் படிப்புக்கு அதில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் கட்டாயமாக்கிய ஒன்றை உங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துச் செய்யச் சொல்வது நியாயமில்லை. மணி நேரம் ஒதுக்கியிருந்தும் அதை வேறு வகுப்புகளால் நிரப்பிவிடுவது உண்டு. ஆகவே கால அட்டவணை போடுவதற்கு முன்பே, வசந்தகாலத்திலேயே பேசுங்கள். நெகிழ்வான பணிநேரம் கோரும் உரிமை 2024 ஏப்ரலிலிருந்து இந்நாட்டில் வேலையில் சேர்ந்த முதல் நாளே உண்டு. கேட்பது சலுகை என்று நினைத்துக் கூச வேண்டாம். எழுதும் வேலையை ஜனவரியிலும் மே, ஜூனிலும் வைத்துக்கொள்ளாதீர்கள்; அவை விடைத்தாள் திருத்தும் மாதங்கள்.

அடுத்து, வகுப்பைப் பார்வையிடுதல். நம் ஊரில் கல்லூரி ஆய்வுக்குக் குழு வருகிறது என்றால் என்ன நடக்கும் என்று நம் இருவருக்கும் தெரியும். அந்த நினைவோடுதான் நீங்கள் இதையும் பார்க்கிறீர்கள். இங்கே நடப்பது வேறு. வருபவர் முதல் நாள் உங்களைச் சந்தித்து, எதைக் கவனிக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்பார். வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து, மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் குறிப்பார். பிறகு ஒரு மணி நேரம் பேசுவீர்கள். நீங்களும் சக பயிற்சியாளர் ஒருவர் வகுப்பைப் போய்ப் பார்ப்பீர்கள். மதிப்பெண் போடுவது பொதுவாக இந்த வருகைக்கு அல்ல. அதிலிருந்து நீங்கள் என்ன கற்றீர்கள் என்று எழுதுவதற்குத்தான்.

ஆகவே நன்றாக நடக்கும் வகுப்புக்கு அழைக்காதீர்கள். எந்த வகுப்பு உங்களைச் சோர்வடையச் செய்கிறதோ, எந்த வகுப்பில் கேள்வி கேட்டால் அமைதி நிலவுகிறதோ, அதற்கு அழையுங்கள்.

அந்த அமைதியை உடைக்க ஒரு வழி சொல்கிறேன். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர், கடினமான கணக்குகளைப் போட்டுவிடும் தன் மாணவர்கள் அடிப்படைக் கருத்தைக் கேட்டால் தவறுவதைக் கவனித்தார். 1991இலிருந்து விரிவுரையின் நடுவில் ஒரு கருத்துக் கேள்வியைப் போட்டு, ஒவ்வொருவரும் தனியே விடை சொன்ன பிறகு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து மறுபடி விடை சொல்லச் செய்தார். உங்கள் பாடத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். இரு முனையிலும் தாங்கிய பீம், நடுவில் ஒரு புள்ளிச் சுமை. மூன்று பெண்டிங் மொமெண்ட் (சுமையால் பீமை வளைக்கும் விளைவு) வரைபடங்களைத் திரையில் போடுங்கள்: ஒன்று முக்கோணம், ஒன்று வளைகோடு, ஒன்று செவ்வகம். எது சரி? கைப்பேசியில் வாக்களிக்கச் சொல்லுங்கள், விடையை நீங்கள் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரை ஒப்புக்கொள்ள வைக்க இரண்டு நிமிடம் கொடுங்கள். வாய் திறக்காத வகுப்பில் சத்தம் எழும்புவதைக் கேட்பீர்கள். அறிவியல், பொறியியல் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான பகுப்பாய்வில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்கள் செயலில் ஈடுபட்ட வகுப்புகளில் 21.8 சதவீதம் பேர்தான். உங்கள் பணிச் சான்றுகளைத் தொகுத்துத் தரும் போர்ட்ஃபோலியோவில், உங்கள் மாற்றத்துக்கு ஆதாரம் கேட்கும் இடத்தில் இதைத் தாராளமாகக் காட்டலாம்.

உச்சரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ் மணக்கும் ஆங்கிலம் உங்களுக்கு இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. அதை மாற்றிக்கொள்ள முயலாதீர்கள். ‘புரியவில்லை’ என்று மாணவர் சொல்லும்போது பெரும்பாலும் தடையாக இருப்பது வேகம். அதற்கடுத்து, முதன்முறை கேட்கும் கலைச்சொல்லை எழுத்தில் காணாதது. புதுச் சொல் வரும்போதெல்லாம் பலகையில் எழுதுங்கள், எழுதும் வரை பேசாதீர்கள். பதிவு செய்யும் விரிவுரைகளுக்குத் திரை எழுத்து வரும்படி செய்து, அதில் வரும் பிழைகளைத் திருத்துங்கள். காது கேட்கும் குறைபாடு உள்ளவருக்கும், ஆங்கிலம் தாய்மொழி அல்லாத மாணவருக்கும் அது பயன்படும். அனைவருக்கும் சம வாய்ப்பு என்ற விழுமியத்துக்குச் சான்றாகவும் நிற்கும்.

ரிஃப்ளெக்டிவ் எழுத்தில் பொறியியல் ஆசிரியர்கள் தொடக்கத்தில் இப்படி எழுதுகிறார்கள்: “வகுப்பு நன்றாக நடந்தது. மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றார்கள். அடுத்த முறை கூடுதல் எடுத்துக்காட்டுகள் தருவேன்.” இதில் படிப்பவர் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. அதே வகுப்பைப் பற்றி இப்படி எழுதலாம்: “புள்ளிச் சுமைக்கான வரைபடம் எது என்று கேட்டபோது பாதிக்கு மேற்பட்டோர் சரியான முக்கோணத்தை விட்டு வளைகோட்டைத் தேர்ந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் நான் பலகையில் போட்ட மூன்று எடுத்துக்காட்டுகளிலும் சீராகப் பரவிய சுமையே இருந்தது. பெண்டிங் மொமெண்ட் என்றாலே வளைகோடு என்று அவர்கள் பழகியதற்கு என் எடுத்துக்காட்டுத் தேர்வே காரணம் என்று கருதுகிறேன். இவ்வாரம் இரண்டு சுமைகளையும் அருகருகே வைத்து, வேறுபாட்டை அவர்களையே சொல்லச் செய்தேன்.”

கவனித்துப் பாருங்கள், இதில் உணர்ச்சி ஒன்றும் இல்லை. ஒரு விரிசலைக் கண்டு, சுமை எங்கிருந்து வருகிறது என்று தேடி, திருத்தம் செய்து, திருத்தம் தாங்குகிறதா என்று பார்க்கிறீர்கள். சிவில் பொறியாளருக்கு இது அன்றாட வேலை. ‘நான்’ என்று எழுதுவது மட்டும்தான் புதிது. வகுப்பு முடிந்த உடனே, அறையை விட்டு வெளியேறும் முன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று இரண்டு வரி குறித்து வைத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் முதல் வகைப் பத்திதான் வரும்.

சிறு ஆய்வு செய்யும் பகுதி உங்கள் படிப்பில் இருந்தால், மாணவர்களிடம் கருத்துப் படிவம் கொடுக்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், திரட்டிய பின் கேட்டால் அந்தத் தரவைப் பயன்படுத்த முடியாது. போர்ட்ஃபோலியோவில் சேர்க்கும் விடைத்தாள் பக்கங்களில் மாணவர் பெயரையும் எண்ணையும் நீக்கிவிடுங்கள்.

கடைசியாக, ஊர் திரும்பினால் செல்லுமா என்ற கேள்வி. வேலைக்கான தகுதியாகச் செல்லாது. இந்தியாவில் கலை, அறிவியல் பாடங்களுக்கு உதவிப் பேராசிரியர் ஆக யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கேட்பது நெட், செட் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம். பொறியியலுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிகள் தனி. இரண்டிலும் பிரிட்டன் சான்றிதழுக்கென்று இடம் இல்லை. புதிய பொறியியல் ஆசிரியர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யே ஸ்வயம் என்ற அரசின் இணையவழிக் கல்வித் தளத்தின் வழியாக எட்டு மாட்யூல் கொண்ட பயிற்சி வைத்திருக்கிறது. பாடத் திட்டமிடல், மாணவர் மதிப்பீடு, தொழில்நுட்பத்தோடு கற்பித்தல் என்று பல தலைப்புகள் நீங்கள் இங்கே படிப்பவையே. அதை நடத்தும் நிறுவனங்களில் ஒன்று சென்னை தரமணியில் இருக்கிறது. திரும்பினால் அதையும் செய்ய வேண்டி வரலாம்; உங்களுக்குச் சிரமமாக இருக்காது. தன்னாட்சிக் கல்லூரி ஒன்றிலோ தனியார் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்தால் நிலைமை மாறும். அங்கே பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் ஆசிரியர்களே உருவாக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் துறைக்கு ஒருவர் கிடைத்தாலே பெரிய விஷயம். பிரிட்டனுக்குள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் இரண்டும் அப்படியே உங்களோடு வரும். ஆஸ்திரேலியாவிலும் மேற்காசியாவிலும் ஃபெல்லோ தகுதியை அறிந்து மதிக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, அடுத்த ஆண்டின் நேரடி வகுப்புத் தேதிகளையும் ஒப்படைப்புக் கெடுக்களையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே நீங்கள் படித்த ஏதாவது ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு விலக்குத் தர விதி உண்டா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். தேதிகள் கைக்கு வந்ததும் கணவரோடு உட்கார்ந்து மகனை யார் பார்த்துக்கொள்வது என்பதை அந்தத் தேதிகளுக்கு எதிரே எழுதிவிடுங்கள். பிறகு துறைத் தலைவரைச் சந்திக்கப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.